தள்ளுவண்டித் தக்காளி

"நாளைக்கு ஒரு நாள் அந்தத் தகர வண்டியைக் கண்ணுல காட்டாதே ஆர்விட். உனக்குப் புண்ணியமாப் போகும்."

வேலிக்கு இந்தப் பக்கம் மார்லிஸ். அந்தப் பக்கம் ஆர்விட், கிறீச் கிறீச்சென்று தள்ளுவண்டியோடு. வண்டி நிறைய மண், மண்ணில் நாலு தக்காளிச் செடி. அவன் தோட்டத்து மேப்பிள் மரம் வெயிலை விடாது. அதனால் காலையில் தபால் பெட்டி ஓரம், மதியம் கராஜ் வாசல், சாயங்காலம் தெருமுனை என்று வெயிலைத் துரத்திக்கொண்டே தள்ளுவான். தெருவே சிரிக்கும். அதிகம் சிரிப்பது மார்லிஸ்தான்.

"கராஜ்ல போட்டா செடி வாடிடுமே மார்லிஸ்."

"தக்காளி கடையில கிடைக்கும். ஹோஸ்டா இலைச்செடி வளர்க்கற சங்கத்துலேர்ந்து நாற்பது பேர் என் தோட்டத்தைப் பார்க்க வராங்க. பன்னிரண்டு வருஷமாக் காத்திருக்கேன்."

"இலையைத் தின்ற நத்தையைப் பிடிக்கக் கிண்ணம் கிண்ணமா பீர் வைக்கறீங்க. எனக்கு ஒரு வாய் கிடையாது."

"நத்தை கிறீச்சுனு கத்தாதுப்பா."

சனிக்கிழமை வந்தவர்கள் ஒவ்வொரு ஹோஸ்டாவிடமும் குனிந்தார்கள். வெள்ளைக் கரை போட்ட இலை, மஞ்சள் தீற்றிய இலை.

"ஒரு கரைகூடக் கருகலையே! என்ன ரகசியம்?" என்றாள் ஒரு வைக்கோல் தொப்பிக்காரி.

"உழைப்பு" என்றாள் மார்லிஸ், கூச்சமே இல்லாமல்.

கிறீச்.

மார்லிஸின் முகம் செத்துவிட்டது.

"மன்னிச்சுக்கங்க. காலையிலேர்ந்து கராஜ் இருட்டுல கிடந்து செடி தலை தொங்கிடுச்சு" என்றான் ஆர்விட்.

எல்லோரும் சிரித்தார்கள். "ஏன் சார் இந்த அலைச்சல்? அந்த மேப்பிளை வெட்டிட்டா தோட்டம் பூரா வெயிலாச்சே?" என்றாள் தொப்பிக்காரி.

ஆர்விட் தலையைச் சொறிந்தான்.

"வெட்ட ஆள் கூப்பிட்டேங்க, அஞ்சு வருஷம் முன்னாடி. ரம்பத்தோட வந்துட்டான். வேலிக்கு மேல எட்டிப் பார்த்தேன். இவங்க செடிக்கெல்லாம் நிழல் இந்த ஒரு மரம்தான். வெயில் பட்டா வெள்ளைக் கரை ஒரே வாரத்துல போயிடுமாமே. காபி கொடுத்து அனுப்பிட்டேன். தக்காளியை வண்டியில தள்ளலாம். ஹோஸ்டாவைத் தள்ள முடியுமா?"

பன்னிரண்டு வருஷமாய்க் குனிந்தே கிடந்தவள் முதல்முறையாக நிமிர்ந்து மரத்தைப் பார்த்தாள்.

வந்தவர்களுக்கு நீட்டிக்கொண்டிருந்த எலுமிச்சைக் கேக் தட்டைத் தொப்பிக்காரியின் கையில் திணித்தாள். வேலியைச் சுற்றிப் போய் வண்டியின் கைப்பிடியைப் பிடித்தாள்.

"நகருப்பா. இப்ப வெயில் எந்தப் பக்கம்?"