ஆறாவது நிமிடம்

சுட்டெரிக்கும் சின்னச் சூரியனை மங்கலான பெரிய சூரியன் மறைக்கும் நாற்பது நிமிடத்தில்தான் விண்நிலையத்துக்கு வெளியே போய் வெல்டிங் செய்ய முடியும். அட்டவணைப்படி சங்கு ஊதியது. தவமணி எழுந்திருக்கவில்லை.

"சங்கு காதுல விழலையாம்மா?" என்றார் மேஸ்திரி ஐசக்.

"சங்கு விழுந்துச்சு. நிழல்தான் இன்னும் விழல."

நிழல் நிஜமாகவே விழுந்த நேரத்தை அவள் பதினோரு வருடமாக வெளிக்கதவில் சாக்பீஸால் புள்ளி வைத்துவந்தாள். முதல் வருடப் புள்ளிகள் அட்டவணை நேரத்தைக் காட்டும் கோட்டின்மேல் இருந்தன. அப்புறம் வளைந்து விலகி, இப்போது ஆறு நிமிடம் தள்ளிப் போயிருந்தன.

"அட்டவணை மேலிடத்துல போட்டது. தப்பாகாது."

"சூரியன் ரெண்டும் விலகிக்கிட்டே போகுது. சுத்திவர லேட்டாகுது. அது உங்க மேலிடத்தக் கேட்டா சுத்துது? போன மாசம் ரோசி அட்டவணைய நம்பித்தான் போனா, கை ரெண்டும் வெந்து வந்தா. இப்ப அவளுக்கு நான் சோறு ஊட்டுறேன்."

"வேலை போயிடும்."

"போகட்டும்."

தலைக்கவசத்தை மடியில் வைத்துக்கொண்டு கதவடியில் உட்கார்ந்தாள். மற்ற வெல்டர்கள் எட்டுப் பேரும் ஒவ்வொருவராக அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். சங்கு மறுபடி ஊதியது. யாரும் அசையவில்லை.

ஆறாவது நிமிடம் ஜன்னல் இருண்டது. தவமணி எழுந்து, சாக்பீஸை ஐசக்கின் கையில் திணித்தாள்.

"இன்னைக்குப் புள்ளிய நீங்க வைங்கண்ணே. நாங்க வேலைக்குப் போறோம்."