ஒரே ஒரு சுக்கு

ஜாடியைக் கவிழ்த்ததும் சாக்கு விரிப்பின் மேல் மிளகு உருண்டு ஓடியது.

மிளகு, மிளகு, மிளகு. எல்லாம் ஓய்ந்த பிறகு, ஒரு தட்டுத் தட்டியதும், கடைசியாக ஒரு சுக்கு விழுந்தது.

என் புருஷன் சங்கிலிப்பாண்டி அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கொச்சி மட்டாஞ்சேரிச் சரக்குக் கிட்டங்கிகளில் மூட்டை தூக்குகிற தமிழ் ஆட்கள் பெரிய யூனியனிலேயே இருப்பதா, விலகித் தனிச் சங்கம் வைப்பதா என்று அன்றைக்கு ஓட்டு. இருக்கலாம் என்றால் மிளகு. விலகலாம் என்றால் சுக்கு.

ஆளுக்கு இரண்டும் கொடுத்தார்கள். ஒன்றை மூடின கைக்குள் வைத்துக் கொண்டுபோய் ஜாடியில் போட வேண்டும். மற்றதை மழைத்தண்ணீர் ஓடுகிற ஓடையில் எறிந்துவிட வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கும் மிளகும் சுக்கும் தெரியுமே!

ஓட்டு வைக்கிற யோசனையே என் புருஷனுடையதுதான். எழுபத்தைந்தாம் வருஷம் அது. சீமையில் வெள்ளைக்காரர்கள் பக்கத்து நாடுகளோடு வைத்த கூட்டை முறிக்கலாமா என்று ஓட்டுப் போடப் போகிறார்களாம். கிட்டங்கி வாசலில் இருக்கிற என் சாயாக்கடையில் யாரோ பேப்பரைப் படித்துச் சொல்ல, இவர் பிடித்துக்கொண்டார்.

அன்றிலிருந்து வீட்டிலும் பேச்சு, வீதியிலும் பேச்சு. "நம்ம சந்தா மட்டும் வேணும், கமிட்டியில நம்ம ஆளு வேணாமா?" என்பார். கடையில் குடிக்க வந்த அத்தனை பேரும் தொடையைத் தட்டி விலகணும், விலகணும் என்றார்கள். ஜாடியில் ஒரு சுக்குகூட விழாவிட்டால் மீசையை எடுத்துவிடுகிறேன் என்று இவர் நடு பஜாரில் சவால் வேறு விட்டார்.

எனக்கு மட்டும் பயம். யூனியனை விட்டால் அது கொடுத்த வேலை அட்டை போகும். அட்டை இல்லாதவன் தலையில் இந்த பஜாரில் ஒருத்தன் மூட்டை ஏற்ற மாட்டான். இரண்டு பெண்பிள்ளைகளை வைத்துக்கொண்டு நான் யார் வாசலில் போய் நிற்பேன்? ஆனாலும் ஊரே விலகணும் என்கிறபோது நான் என்ன சொல்ல!

பெரிய யூனியன் செயலாளர் தோற்றால் பேச வேண்டியதை மட்டும் தயார் செய்து வந்திருந்தார் போல. ஜெயித்ததும் என்ன பேசுவதென்று தெரியாமல் வேட்டியை மடித்துக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக நின்றார்.

என் புருஷன்தான் சுதாரித்துக்கொண்டார். மீசையை ஒரு முறுக்கு முறுக்கி, "ஒண்ணு விழுந்தாலும் சுக்கு சுக்குதேன்!" என்றார். கூட்டம் கை தட்டியது. மிளகு போட்ட கைகள்தான்.

அப்புறம் என் கடைக்கு ஒவ்வொருத்தராக வந்தார்கள்.

முதலில் நல்லசிவம். சாயாவை வாங்கிக்கொண்டு என் பக்கம் குனிந்தான். "மதினி, அண்ணன்கிட்ட சொல்லிருங்க. அந்தச் சுக்கு நான் போட்டதுதேன்."

பாவம், விசுவாசமான பிள்ளை என்று சாயாவுக்குக் காசு வாங்கவில்லை.

அடுத்து பிச்சைமணி அதையே சொன்னான். அவனுக்குப் பிறகு முகமது இஸ்மாயில், அல்லாமேல் ஆணையாக என்றான். பால் தீர்வதற்குள் மிச்சமிருந்த பேரும் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். ஒரு சுக்குக்கு இத்தனை அப்பனா! எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

மத்தியானம் சோற்றில் கை வைத்தபடி அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அந்த ஒத்தைச் சுக்கு யாருதுன்னு நினைக்கிறே? உம் புருஷன் போட்டதுடி மாயம்மா. ஊரே மாறினாலும் நான் மாறுவனா?"

அட்டை பிழைத்ததே என்று என் வயிறு குளிர்ந்தது. இந்த மனுஷன் முகத்தைப் பார்க்கப் பார்க்க அதே வயிறு எரிந்தது. என்னிடமாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம்.

ஓட்டுக்குக் கொடுத்ததெல்லாம் முழுச் சுக்கு. விழுந்தது பாதி நசுங்கின சுக்கு. முந்தின நாள் அவர் சளிக்குக் கஷாயம் போட அம்மியில் தட்டிவிட்டு, மிச்சத்தை நான் போட்டு வைத்தது.

ஜாடி எங்கள் அடுப்படி ஜாடி. கேட்ட அவசரத்தில் உள்ளே பார்க்காமல் கொடுத்துவிட்டேன்.