மச்சான் சொன்ன அர்த்தம்

நேற்று காலை என் மனைவி அடித்த விசிலில் தபால்காரர் சைக்கிளோடு சாக்கடையில் இறங்கிவிட்டார். வானத்தில் போன விமானம் ஒரு நிமிடம் நின்று கேட்டுவிட்டுத்தான் நகர்ந்தது.

தபால்காரரும் விமானமும் என் கைச்சரக்கு. விசில் மட்டும் நிஜம்.

மொட்டைமாடியில் துணி காயப்போட்டபடியே ஒரு முழுப் பாட்டைச் சுருதி பிசகாமல் அடித்தாள். நாற்பது வருடம் கூட வாழ்ந்தவளிடம் இப்படி ஒரு டிஸ்கவரி.

அவளிடமே கேட்டேன். "உங்களுக்கு வேற வேலை இல்ல" என்று பக்கெட்டோடு இறங்கிப் போய்விட்டாள்.

அவளுடைய அண்ணன் ஒரு வாரமாக எங்களோடு தங்கியிருக்கிறார். ஓய்வு பெற்ற இங்கிலீஷ் வாத்தியார். விசிலை விட்டுவிட்டு வார்த்தையைப் பிடித்துக்கொண்டார்.

"டிஸ்கவரின்னா அது முதல்லயே இருக்கணும் மாப்பிள. யாருக்கும் தெரியாம இருக்கணும். இல்லாதத உண்டாக்கினா அதுக்குப் பேரு வேற. நீங்க கேட்டது குக்கர்."

"எந்தக் குக்கர் மச்சான் சரணம் வரைக்கும் பாடுது?"

ஆயுள் முழுக்க நான் விட்ட புளுகுக்கெல்லாம் தலையாட்டிய வீடு இது. ஒரே ஒரு நிஜத்தைச் சொன்னேன். மகளோ எனக்காகக் காது டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டாள்.

இன்று கூட்டிப்போக மச்சான் சட்டை மாட்டிக்கொண்டு நின்றார்.

ஒரு செருப்பை மாட்டிவிட்டு அடுத்ததற்குக் குனிந்தவன் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். புளுகனுக்கு ஒரு தைரியம் உண்டு: எது புளுகு என்று அவனுக்காவது தெரியும். அதுவும் போய்விட்டால்?

"மச்சான், நெஜமாவே மாடில ஒரு சத்தமும் இல்லையோ? எனக்கு இப்பப் பயமா இருக்கு."

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. மச்சான் அந்தப் பக்கம் ஒரு முறை பார்த்தார். பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"செருப்பக் கழட்டுங்க. அது டிஸ்கவரி இல்ல, எனக்கு முன்னமே தெரியும். சின்ன வயசுல நான் படிக்காம ஊர் சுத்துவேன். அப்பா தெருமுனைல வந்தா இவதான் மாடில நின்னு விசிலடிப்பா. நான் ஓடி வந்து புஸ்தகத்தோட உக்காந்துடுவேன். வெளிய சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தா."

மாட்டிய சட்டையின் பட்டன்களைக் கழற்றத் தொடங்கினார்.

"நேத்து எனக்கும் கேட்டுச்சு மாப்பிள. சட்டுனு எழுந்து புஸ்தகத்தத் தேடினேன்."