கூட வந்தவள்

“மொதல்ல என்னையப் பாரும்மா, நெஞ்சு அடைக்குது, நீ பாட்டுக்கு…”

“செத்த பேசாமப் படுங்கய்யா, கத்துனா ஈசிஜி எப்பிடி எடுக்குறது?”

திண்டுக்கல் ஆஸ்பத்திரி ஒன்றின் அவசரப் பிரிவில் நர்ஸ் கௌசல்யாவோடு மல்லுக்கு நின்றார் சுருளிவேல். குஜிலியம்பாறையிலிருந்து பஸ்ஸில் அவரைக் கூட்டி வந்த மனைவி பொன்னழகு, பையும் கையுமாகக் கால்மாட்டுச் சுவரோரம் நின்றாள்.

“புருசன் சாகக் கெடக்கான், இவ செவுத்துல சாஞ்சு நிக்கிறா பாரு. விசிறி விடக்கூட கை வரல.”

ஈசிஜி தாளைப் பார்த்த டாக்டர், “உங்களுக்கு ஒண்ணும் அவசரமில்லய்யா, செத்த உக்காருங்க,” என்றார்.

கௌசல்யா பொன்னழகுவைப் பார்த்தாள். “ஏங்க்கா, ஒங்களுக்கு ஏன் இப்பிடி வேர்த்து ஊத்துது?”

“விடியக்காலையிலருந்து தாடையும் தோளும் இழுக்குது தாயி. இவரும் வலிக்குதுன்னாரு. அதான் நான் சொல்லல.”

உடனே அவளைப் படுக்க வைத்து ஈசிஜி எடுத்தார்கள். அட்டாக். ஸ்ட்ரெச்சரை உள்ளே தள்ளிக்கொண்டு ஓடினார்கள்.

அவள் போட்டுவிட்டுப் போன பையைத் துழாவிய சுருளிவேல், பின்னாலேயே வந்து கௌசல்யாவை மறித்தார்.

“ஏம்மா, சோறு இருக்கு, தொட்டுக்க வெஞ்சனத்தக் காணோம். அவ மயங்குறதுக்குள்ள, எங்க வச்சான்னு கேட்டுச் சொல்லு.”