ஒச்சாண்டியின் மாத்திரை

“இந்த மனுசனோட என்னால இனி மல்லுக்கட்ட முடியாது, டாக்டரம்மா” என்றபடி நாற்காலியில் உட்கார்ந்தாள் கஸ்தூரியம்மாள்.

டாக்டர் ரெஹானா பேனாவை எடுத்தார். ரத்தப் புற்றுநோய்க்கு வந்திருந்த புது மாத்திரையை விடாமல் சாப்பிடுகிறவர்கள் எப்படி இருக்கிறார்கள், இடையில் விடுகிறவர்கள் என்ன ஆகிறார்கள் என்று சில வருடங்களாக ஆராய்ந்து வருகிறவர் அவர். மாதம் ஒரு முறை மதுரையிலிருந்து தேனிக்கு வருவார். வழக்கமாகக் கணவர் ஒச்சாண்டி உள்ளே போவார், கஸ்தூரியம்மாள் வெளியே காத்திருப்பாள். அது 2008, ஆய்வு முடியும் நேரம் என்பதால், அன்று நோயாளிகளின் வீட்டாரைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்துக்கொண்டிருந்தார்.

ஒச்சாண்டி மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா என்று கேட்டதுதான் தாமதம், கஸ்தூரியம்மாள் கொட்டித் தீர்த்துவிட்டாள்.

தினமும் அவர் சாப்பிட்ட கையோடு, செம்பு நிறையத் தண்ணீரும் மாத்திரையும் அவளே கொண்டுபோய் நீட்ட வேண்டும். நீட்டாவிட்டால் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். கிழமைவாரியாக டப்பாவில் போட்டு வைத்தாள். டப்பா எங்கே என்று கேட்டார். மகன் திருப்பூரிலிருந்து போன் போட்டு ஞாபகப்படுத்தினான். சரி சரி என்று சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குக் கிளம்பிவிட்டார்.

“கோம்பையில திராட்சைத் தோட்டம் வச்சிருக்காக. எந்தப் பந்தலுக்கு என்னிக்கு மருந்தடிக்கணும், என்னிக்குக் கவாத்து பண்ணணும், அம்புட்டும் தலைக்குள்ள இருக்கு. தன் மாத்திரையை மட்டும் மறந்துபோவாக. இது மறதியா, கொழுப்பா?”

டாக்டருக்கும் அலுப்பாகத்தான் இருந்தது. உடம்பு கொஞ்சம் தேறியதுமே மாத்திரையை விட்டுவிட்டு, நோய் முற்றித் திரும்பி வந்தவர்களை அவர் நிறையப் பார்த்துவிட்டார்.

கஸ்தூரியம்மாள் நிறுத்தவில்லை. வடுகபட்டியில் அண்ணன் மகள் கல்யாணத்துக்குப் போனவளால் அங்கே ஒரு பொழுது தங்க முடியவில்லை. தாலி கட்டி முடிவதற்குள் பக்கத்து வீட்டு அன்னத்தாய் போன் செய்துவிட்டாள், ஒச்சாண்டி மாத்திரை போடவில்லையென்று. பந்தியில்கூட உட்காராமல் பஸ் ஏறினாள். வந்து பார்த்தால், மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தார்.

“அண்ணன் வீட்டுப் பக்கம் தலைவச்சுப் படுக்க விடமாட்டேங்கிறாக. இந்த நோவு எப்பத்தான் தீரும்னு சொல்லுங்க.”

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார்.

“அவர் உங்ககிட்ட சொல்லலையா? ரெண்டு வருஷமா அவர் ரத்தத்துல நோயே தெரியலம்மா. மாத்திரையை மட்டும் விடாமப் போடணும், அவ்வளவுதான். ரிசல்ட் வந்த அன்னிக்கே சொல்லிட்டேன். உங்களைக் கூப்பிடட்டுமான்னு கேட்டதுக்கு, தானே சொல்லிக்கிறேன்னார்.”

கஸ்தூரியம்மாளுக்கு ஆத்திரம் பொங்கியது. இந்த இரண்டு வருடமும் சனிக்கிழமை தவறாமல் குச்சனூர் கோயிலுக்குப் போய், அவர் குணமாக விளக்குப் போட்டுக் கும்பிட்டு வந்திருக்கிறாள். போகும்போதெல்லாம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தாரே.

“ஒண்ணுதான் எனக்குப் புரியல” என்றார் டாக்டர். “இந்தச் செய்தியைக் கேட்டா எல்லாரும் அழுதுருவாங்க, கும்பிடுவாங்க. இவர் முகத்துல மட்டும் சந்தோஷமே இல்ல. பயந்த மாதிரி இருந்தார்.”

கஸ்தூரியம்மாளுக்குப் புரிந்தது.

காதுகுத்து விருந்தில் சபை நடுவே தன் அண்ணனைக் கேவலமாகப் பேசிய புருஷனை விட்டுவிட்டு, வடுகபட்டியில் அண்ணன் வீட்டில் வருஷக்கணக்காக இருந்தவள் அவள். நோய் என்று கேள்விப்பட்டுத்தான் கோம்பைக்குத் திரும்பினாள். “உங்களுக்குக் குணமாகுற வரைக்குந்தான் இங்கன இருப்பேன்” என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே காலெடுத்து வைத்தாள்.

வெளியே பெஞ்சில் இருந்த ஒச்சாண்டி, அவள் முகத்தைப் பார்க்காமலே டாக்டரம்மா என்ன சொன்னாக என்று கேட்டார்.

“இன்னும் குணமாகலையாம். எந்திரிங்க, கோம்பை பஸ் போயிரும்” என்றாள் கஸ்தூரியம்மாள்.