பத்தி நான்கு (ஆ)

“மஞ்சள் பையா, சிவப்புப் பையா, ரெண்டுல ஒண்ணு சொல்லு. வண்டி கிளம்பிடப் போவுது” என்று அவர் மூடிய கதவைப் பார்த்துக் கத்தினார்.

அவர் அறைக்குள், மனைவி கதவுக்கு வெளியே. ஊரெல்லாம் பரவிய காய்ச்சல் அவரையும் பிடித்து, அறைக்குள் போட்டுப் பூட்டி நான்கு நாளாகிறது. நோயாளி வீட்டுக் குப்பையை எப்படிப் பிரிக்க வேண்டும் என்ற அறிவிப்பைக் கதவில் ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். ஒட்டியது வெளிப்பக்கம். ஆகவே அவள் படிக்க, அவர் கேட்க வேண்டியதாயிற்று.

ஜன்னலுக்கு வெளியே குப்பை வண்டிக்காரம்மா கையுறையோடு நின்றிருந்தார்.

“சும்மா சுருட்டிக் குடுத்தா எடுக்க மாட்டேன் சார். போன வாரம் யாரோ ஊசியை அப்படியே பையில போட்டுட்டாங்க. என்கூட வர்ற அக்கா கையில ஏறிடுச்சு. ஆஸ்பத்திரியில கிடக்குது.”

அறைக்குள் அவர் கை நின்றது. பையில் நான்கு நாள் முகக்கவசமும் மூக்குச் சிந்திய காகிதமும். உள்ளங்கையில் எட்டு இன்சுலின் ஊசிகள். இன்னும் ஒரு நொடியில் அவையும் உள்ளே போயிருக்கும்.

“ஊசிக்கு என்ன போட்டிருக்கு, படி.”

“‘கூர்முனைப் பொருட்களைப் பத்தி நான்கு ஆ-வில் கண்டவாறு அப்புறப்படுத்துக.’”

“நாலு ஆ?”

“‘பத்தி ஏழினைக் காண்க.’”

“சரி, ஏழு?”

“‘நான்கு ஆ-வே இதற்கும் பொருந்தும்.’”

அவர் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். தலை சுற்றுவது காய்ச்சலாலா, பத்தியாலா என்று புரியவில்லை. நகராட்சி ஆபீசில் ஒரு நாளைக்கு நூறு கோப்புகளை அலட்டிக்கொள்ளாமல் தள்ளிவிடுகிற மனிதர். ஒரு பைக் குப்பை அவரைக் கவிழ்த்துவிட்டது.

“எந்தப் புண்ணியவான் பார்த்த வேலை இது? என் கையில மாட்டட்டும்.”

“அப்படிச் சொல்லாதீங்க. அவர் வீட்டுலயும் ஒருத்தி இருப்பா, பாவம்.”

வண்டிக்காரம்மா ஜன்னல் பக்கம் குரல் கொடுத்தார். “அந்தக் காகிதத்தை விடுங்க சார், எங்களுக்கே புரியலை. ஊசியெல்லாம் கெட்டி பிளாஸ்டிக் பாட்டில்ல போட்டு மூடியை இறுக்குங்க. மத்தது மஞ்சள் பை. முக்கால்வாசி ரொம்பினா போதும், ஒரு முடிச்சு. அதுக்கு மேல இன்னொரு பை, இன்னொரு முடிச்சு. மருந்து தெளிச்சு வெளியே வைங்க. இவ்வளவுதான் விஷயம்.”

காலி ஷாம்பு பாட்டில் ஊசிகளை விழுங்கியது. பாட்டிலும் பையும் ஜன்னல் வழியே வெளியே போயின. வண்டிக்காரம்மா இரண்டு முடிச்சையும் இழுத்துப் பார்த்து, “இப்படிக் குடுத்தா நாங்க ஏன் சார் பயப்படப் போறோம்” என்று சொல்லிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்.

அவருக்கு மனசு ஆறவில்லை.

“நாலு வரியில முடிய வேண்டியது. அந்த அக்கா கையில ஊசி ஏறினதுக்கு இந்தக் காகிதம்தான் காரணம். இன்னைக்கே புகார் எழுதறேன். அடியில யாரு கையெழுத்து, படி.”

கதவுக்கு அந்தப் பக்கம் அவள் குனிந்து காகிதத்தின் அடியைப் பார்த்தாள்.

“பேரு இல்லீங்க, வெறும் கிறுக்கல்தான். நம்ம பையன் ரேங்க் கார்டுல, உள்ளே என்ன இருக்குன்னு பாக்காமலே மாசாமாசம் போடுவீங்களே, அதே கிறுக்கல்.”