பின் இருக்கையைப் பாருங்கள்

"பேய்னு எல்லாம் எழுதிக்க முடியாது டாக்டர். எங்க கம்ப்யூட்டர்ல அதுக்குக் கட்டமே இல்ல."

சர்வீஸ் சென்டரின் பொறியாளர் பெண் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பல் டாக்டருக்குச் சிரிப்பு வரவில்லை.

"பேய்னு நான் சொன்னேனா? யாரோ உட்கார்ந்திருக்கிற மாதிரி வண்டி சொல்லுதுன்னுதானே சொன்னேன்."

வாங்கி இரண்டு மாதம்கூட ஆகாத வண்டி. நிறுத்தி அணைத்ததும் ஒரு பெண்குரல், 'பின் இருக்கையைப் பாருங்கள்' என்று இனிமையாகச் சொல்கிறது. குழந்தையை வண்டியிலேயே மறந்துவிட்டு இறங்கிப் போகும் புண்ணியவான்களுக்காக வைத்த வசதி அது. டாக்டர் வீட்டில்தான் குழந்தை இல்லையே.

இருந்தாள். போன மழைக்காலத்தில் ஒரு காலை, பள்ளிக்குப் போகும் வழியில், பழைய வண்டியின் பின்பக்கத்தை லாரி ஒன்று நசுக்கியதில் ஆறு வயது மகளும் அதோடு போய்விட்டாள். ஓட்டிக்கொண்டிருந்தவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. அன்றிலிருந்து அவர் பின்னால் திரும்பிப் பார்ப்பதே இல்லை. ரிவர்ஸ் எடுப்பதற்கும் கேமராதான். அப்படிப்பட்டவரைப் போய்ப் பார், பார் என்றால்?

"எப்பெல்லாம் சொல்லுது?"

"காலையில கிளினிக் வாசல்ல நிறுத்தினதும். சாயங்காலம் வீட்டுக்கு வந்தா கம்முனு இருக்கும். சனி, ஞாயிறு மனைவியோட கடைக்குப் போறப்போ வாயே திறக்காது."

"அப்போ அவங்க இதைக் கேட்டதே இல்லையா?"

"கேட்கவே கூடாதும்மா! இப்பதான் தேறி வர்றா. ஒழுங்கா சாப்பிடுறா, பாட்டு முணுமுணுக்கிறா. நான் குளிக்கப் போனா, வண்டிக் கண்ணாடியைத் துடைச்சு வைக்கிறா." சாவியை எடுத்து நீட்டினார். "அந்தக் குரல் காதுல விழுந்தா மறுபடி இடிஞ்சு போயிடுவா. எப்படியாவது சரி பண்ணிக் கொடுங்க."

பொறியாளர் பெண் வண்டியை எடுத்துக்கொண்டு ஊரைச் சுற்றிவிட்டு வந்தாள். குரல் வரவில்லை.

"இது எடையெல்லாம் பார்க்காது டாக்டர். கிளம்புறதுக்கு முன்னாடி பின்கதவு திறந்து மூடினா, யாரோ ஏறிட்டாங்கன்னு நினைச்சுக்கும். அவ்வளவுதான் அதோட அறிவு."

"அந்தக் கதவை நான் தொடுறதே இல்லையே!"

அவள் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. குனிந்து பின்கதவின் பூட்டை இழுத்துப் பார்த்தாள், தட்டிப் பார்த்தாள். அது கல்லுப் போல இருந்தது.

"எங்ககிட்டயும் அப்படித்தான் வருவாங்க" என்றார் டாக்டர். "கை வச்சுக் காட்டுற பல்லு ஒண்ணு, கெட்டுப்போன பல்லு வேற ஒண்ணா இருக்கும். வேற எங்கேயாவது பாருங்க."

"இது விளையாட்டு இல்ல டாக்டர். பூட்டு தானா விட்டுக்குதுன்னா, ஓடுறப்பவே கதவு திறந்துக்கலாம். இந்த மாடல் வண்டி அத்தனையையும் திரும்பக் கூப்பிடச் சொல்லிக் கம்பெனிக்கு எழுதணும்."

"எழுதுங்க. இன்னொரு வீட்டுல அப்படி ஆகக் கூடாது."

"அதுக்கு முன்னாடி ஒண்ணு. திங்கட்கிழமை காலையில வண்டியை விட்டுக் கண்ணை எடுக்காதீங்க. யாரும் தொடாமலே அது சொல்லுச்சுன்னா, அன்னிக்கே எழுதிடுறேன்."

திங்கட்கிழமை காலை, மனைவி ஏன் எதற்கென்று கேட்பாளே என்று, குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுப் பூனை மாதிரி வெளியே வந்தார் டாக்டர். கூடத்து ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தார்.

பின்கதவு விரியத் திறந்திருந்தது.

அடுத்த நொடியே போன உயிர் திரும்பி வந்தது. கதவுக்குள் குனிந்து நின்றது மனைவி, தோளில் ஈரத்துணி. கண்ணாடியோடு சீட்டையும் துடைக்கிறாள்! இதற்கா இத்தனை நாள் தூக்கம் கெட்டுக் கிடந்தோம் என்று அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பேயும் இல்லை, பூட்டுக் கோளாறும் இல்லை.

செருப்புகூடப் போடாமல் வாசலுக்கு ஓடினார். "அட, நீதானா! நீதானா அது!" என்று சந்தோஷத்தில் கத்தியேவிட்டார்.

அவள் பதறிப்போய்த் திரும்பி, உதட்டின் மேல் விரலை வைத்தாள்.

"மெதுவா... அரைத் தூக்கத்துல இருக்கா, ஸ்கூல் வந்ததும் எழுப்பிக்கோங்க."